சரிசெய்யச் சரிசெய்ய மோசமாக ஓடிய எம்ஜிபி: இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் நிகழ்வு ஆய்வு

வண்டி 1969ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது திறந்த மேற்பகுதி கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, நான்கு சிலிண்டர், பி சீரிஸ் எஞ்சின். காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்ப இரண்டு எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்கள். விற்றவர் சொன்ன குறை ஒரே வரிதான்: "கார்புரேட்டரைக் கொஞ்சம் ட்யூன் பண்ணணும், அவ்வளவுதான்." பழைய வண்டி தேடி அலைந்த எல்லாரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். ட்யூன் பண்ணினால் தீராத வண்டி இது. அதைவிட முக்கியம், இதில் ஒவ்வொரு பழுதையும் முறையாகப் பார்த்து முடித்ததும் வண்டி முன்னைவிட மோசமாக ஓடியது. ஏன் அப்படி ஆனது என்பதை விவரமாக எழுதி வைப்பது பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

வாங்கும் முன்

எம்ஜிபி 1962 செப்டம்பரில் வந்து 1980 அக்டோபர் வரை தயாரானது. கூபே வடிவத்தையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. கார்புரேட்டர் எவ்வளவு கெட்டிருந்தாலும் மேசை மேல் வைத்துச் சரிசெய்துவிடலாம். உடம்பு அப்படியல்ல. இந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டகம் (சேஸிஸ்) கிடையாது, பாடியே எடையைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி துருப்பிடித்துப் போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தரையில் படுத்து, சில், தளத் தகடு, ஜாக் வைக்கும் இடம், சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உட்காரும் பெட்டிகள் எல்லாவற்றையும் காந்தம் வைத்துப் பார்த்தேன். காந்தம் ஒட்டியது, தட்டினால் கெட்டியான சத்தம் வந்தது. ஓட்டத்தில் குறையும் உடம்பில் உறுதியும் உள்ள வண்டியை நான் தயங்காமல் வாங்குவேன். பளபளவென்று ஓடி, சில் பகுதியில் புட்டி பூசிய வண்டியை எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். பானெட்டில் கை வைத்தேன், குளிர்ந்தே இருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை விற்றவர் தொடவேயில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் அதைப் பெருமையாகச் சொன்னார், நான் அதைக் குறையாகக் குறித்துக்கொண்டேன். சரியாக அமைந்த எஸ்யூ, குளிர்ந்த எஞ்சினில் சோக் இல்லாமல் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பெட்ரோல் எப்போதுமே அதிகமாகப் போகிறது என்று அர்த்தம்.

சூடேறிய பின் கதை மாறியது. ஐட்லிங், அதாவது மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், ஓரிடத்தில் நிற்காமல் 700க்கும் 1300 ஆர்பிஎம்முக்கும் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சில நேரம் 1500இல் தொங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் இறங்கியது. ஓட்டிப் பார்த்தபோது மிதித்ததும் ஒரு கணம் தூங்கி, பிறகு எழுந்தது. மேட்டில் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்டது. இறங்கிப் பின்பக்கம் போனால் புகைக்குழாய்க்குள் கரி, காற்றில் பெட்ரோல் வாடை. ஆயில் பிரஷர் நன்றாக இருந்தது, கியர் சுத்தமாக விழுந்தது, நீலப் புகை இல்லை. கார்புரேட்டர்களின் ஸ்க்ரூத் தலைகள் எல்லாம் சிதைந்திருந்தன. பலர் கை வைத்த வண்டி என்பது அதிலேயே தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

முரண்பட்ட அறிகுறிகள்

நிலையில்லாத ஐட்லிங், விட்டதும் தொங்கும் ஆர்பிஎம் இரண்டும் பெட்ரோல் போதாமல், எங்கோ வெளிக்காற்று நுழைவதன் அடையாளம். கரி, வாடை, சோக் இல்லாமல் ஸ்டார்ட் ஆவது மூன்றும் பெட்ரோல் அதிகமாவதன் அடையாளம். ஒரே வண்டியில் இரண்டும் எப்படி இருக்க முடியும்? பதில் எஸ்யூ வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

1910இல் ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் எஸ்யூ. ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். குடும்பத் தொழில் காலணி. ஆரம்ப கால எஸ்யூவில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி இருந்ததற்கு அதையே காரணமாகச் சொல்வார்கள். துருத்தி போய் பிஸ்டன் வந்தாலும் அடிப்படை மாறவில்லை. எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவுக்கேற்ப பிஸ்டன் தானாக மேலேறும். அதன் அடியில் தொங்கும் கூம்பு நீடிலும் (ஊசி) கூடவே ஏறும். நீடில் ஏறினால் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டில் இடைவெளி பெரிதாகும், பெட்ரோல் கூடும். ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், வேகத்துக்கு ஒரு ஜெட், மிதித்ததும் பெட்ரோல் பீய்ச்ச ஒரு பம்ப் என்று எதுவும் தனியாகக் கிடையாது. எனக்கு இதைவிட அழகான கார்புரேட்டர் தெரியாது.

ஆனால் இந்த எளிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் பிஸ்டனுக்கு அடியில்தான் போயாக வேண்டும். திராட்டில் ஸ்பிண்டில் (மிதித்தால் திறக்கும் காற்றுத் தகட்டைத் தாங்கும் தண்டு) தேய்ந்து அதன் ஓரமாகக் காற்று நுழைந்தால், அந்தக் காற்று பிஸ்டனைத் தாண்டிய இடத்தில் நுழைகிறது. பிஸ்டனுக்கு அது தெரியாது, அதற்கான பெட்ரோலும் வராது. ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான் என்பதால் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகிவிடும். யாராவது ஜெட்டைக் கீழே இறக்கிப் பெட்ரோலைக் கூட்டி ஐட்லிங்கை நிறுத்துவார்கள். வேகத்தில் அந்தக் கசிவு ஒன்றுமேயில்லை, ஆனால் இறக்கிய ஜெட் இறக்கியபடியே இருக்கும். ஐட்லிங்கில் பற்றாக்குறை, ஓட்டத்தில் கரி. என் ஊகம் இதுதான். அதைச் சோதிப்பதற்குமுன் இருந்ததை இருந்தபடி எழுதிக்கொண்டேன்.

இருந்த நிலை

எச்எஸ்4இன் அடியில் ஆறு முகமுள்ள நட்டைத் திருப்பித்தான் ஜெட்டை ஏற்றி இறக்க வேண்டும். ஜெட்டை மேல் விளிம்புவரை ஏற்றி, அங்கிருந்து 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்குவது தொடக்க அளவு. இந்த வண்டியில் முன் கார்புரேட்டர் 22 முகமும், பின்னது 16 முகமும் இறங்கியிருந்தன. பிளக்கைக் கழற்றினால் நான்கும் கறுப்பு. ஜெட் குறைவாக இறங்கியிருந்த பின் கார்புரேட்டருக்கு உரிய 3, 4ஆம் சிலிண்டர் பிளக்குகள்தான் அதிகக் கறுப்பு. இது ஏன் என்று அப்போது புரியவில்லை, பெரிய எழுத்தில் குறித்து வைத்தேன். (இந்த எஞ்சினில் 1, 2க்கு ஒரு காற்று வழி, 3, 4க்கு ஒரு வழி. ஒரே ஜோடிக்குள் நிறம் சற்று வேறுபடுவது இயல்பு. ஜோடிக்கு ஜோடி வேறுபட்டால்தான் கவனிக்க வேண்டும்.)

வால்வுகளுக்கு மேல் விட வேண்டிய டேப்பட் இடைவெளி ஒன்றிரண்டில் விலகியிருந்தது. 0.015 அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எஞ்சின் ஆரோக்கியம்தான்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிப்யூட்டர் லூகாஸ் 25டி4. பின் கார்புரேட்டரிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய வேக்குவம் குழாய் போகிறது. கார்புரேட்டர் முனையில் அதைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்ப்பது பழைய சோதனை. மறுமுனையிலுள்ள டயாஃப்ரம் (சவ்வு) நன்றாக இருந்தால் நாக்கு நுனி குழாயோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே காற்று தாராளமாக வந்தது, கிழிந்துபோயிருந்தது. அப்புறம் டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி எப்போது வருகிறது என்பதைக் காட்டும் ஸ்ட்ரோப் விளக்கு. வேக்குவம் குழாய் இல்லாமல் 600 ஆர்பிஎம்மில் 14 டிகிரி காட்ட வேண்டிய எஞ்சின் 20ஐத் தாண்டிக் காட்டியது, அதாவது தீப்பொறி தேவைக்கு முன்பே வந்தது. வேக்குவம் வேலை செய்யாததால் எஞ்சின் மந்தமாக இருந்திருக்கும். யாரோ டிஸ்ட்ரிப்யூட்டரையே திருப்பி ஈடுகட்டியிருக்கிறார்கள். மேட்டில் தட்டியதற்குக் காரணம் கிடைத்தது.

பெட்ரோல் பக்கம் வந்தால், டக்டக்கென்று அடிக்கும் அசல் எஸ்யூ பம்ப் இல்லை. வேறொரு மின் பம்ப் இருந்தது. அழுத்தமானியை இணைத்தேன், முள் 5 பிஎஸ்ஐயைத் தாண்டியது. எஸ்யூவின் ஃப்ளோட் நீடில் (பெட்ரோல் சேரும் சிறு தொட்டியில், மிதவை ஏறும்போது வழியை மூடும் ஊசி) தாங்குவது 3 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதற்கு மேல் அழுத்தினால் நீடில் மூடாது, பெட்ரோல் வழியும். ஃப்ளோட் சேம்பர் மூடியைத் திறந்தேன். வழிவதைத் தடுக்க ஃப்ளோட்டின் நாக்கு வளைக்கப்பட்டு, மட்டம் மிகவும் தாழ்த்தப்பட்டிருந்தது. இரண்டாவது ஈடுகட்டல்.

மேல் மூடியிலுள்ள டேம்பரைக் கழற்றினால், ஒன்றில் ஆயிலே இல்லை. இன்னொன்றில் கியர் ஆயில்போல் ஏதோ கெட்டியாக இருந்தது. மிதிக்கும்போது பிஸ்டன் சட்டென்று ஏறிவிடாமல் பிடித்து, ஒரு கணம் கலவையைக் கூட்டுவது இந்த டேம்பர்தான். மிதித்ததும் வரும் தூக்கத்தைப் போக்கக் கெட்டி ஆயிலை யாரோ முயன்றிருக்கிறார்கள்.

கடைசியாக ஸ்பிண்டில். எஞ்சின் ஓடும்போது அதன் நுனியில் கார்புரேட்டர் கிளீனரைத் துளித்துளியாகத் தெளித்தேன். ஆர்பிஎம் உடனே மாறியது. ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்கு நேர் கீழே சுடச்சுட எக்ஸாஸ்ட் இருக்கிறது. தெளிப்பதானால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். தெரியாதவர்கள் தெளிப்பதை விட்டுவிட்டு, ஆட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏன் மோசமானது

இத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் இன்னொரு பழுதை மறைக்கச் செய்யப்பட்டது. ஒன்றை மட்டும் உருவினால் மேலே இருப்பது சரியும்.

வேக்குவம் யூனிட்டை மாற்றி டைமிங்கைப் புத்தக அளவுக்குக் கொண்டுவந்ததும் தட்டுவது நின்றது. ஆனால் ஐட்லிங் சரிந்து எஞ்சின் ஆஃப் ஆனது. கூடுதல் டைமிங்தான் அதுவரை ஐட்லிங்கைத் தூக்கிப் பிடித்திருந்தது. அழுத்தம் குறைந்த, அசல் வகை பம்பைப் பொருத்தினேன். இப்போது தாழ்ந்த ஃப்ளோட் மட்டம் தன் வேலையைக் காட்டியது, நீண்ட இழுப்பில் எஞ்சின் பெட்ரோலுக்குத் தவித்தது. மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி நாக்கை நிமிர்த்தினேன். உடனே கரி இன்னும் கூடியது, ஜெட்தான் ஏற்கெனவே அத்தனை முகம் கீழே இறங்கிக் கிடக்கிறதே! ஜெட்டைத் தொடக்க அளவுக்கு ஏற்றினேன். இப்போது ஐட்லிங்கே இல்லை. ஸ்பிண்டில் கசிவை மறைத்திருந்த கடைசித் திரையும் விலகிவிட்டது.

முன்பு இந்த வண்டியைப் பார்த்தவர்கள் ஏதோ ஒரு படியில் பாதியில் நின்றிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சரியான வேலையைச் செய்து, வண்டி மோசமானதைப் பார்த்து, பழையபடி திருப்பி வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான். ஆனால் பழைய கார்புரேட்டரில் ஒரு வேலை சரியா தவறா என்று அது முடிந்த நிமிடத்தில் எஞ்சின் ஓடும் விதத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அளவை வைத்துத்தான் சொல்ல முடியும். அழுத்தமானி, ஸ்ட்ரோப், இடைவெளி அளக்கும் தகடு மூன்றும் சொல்வதை நம்பி, காது சொல்வதைக் கடைசிவரை ஒத்திப்போட வேண்டும்.

மேசை வேலை

இரண்டையும் கழற்றினேன். எச்எஸ்4இல் மேல் சேம்பரும் பிஸ்டனும் ஜோடியாகக் கடைந்தவை. முன்னதைப் பின்னதோடு மாற்றிவிடக் கூடாது என்பதால் கழற்றும்போதே தனித்தனித் தட்டில் வைத்தேன். உட்புறத்தைக் கரைப்பானும் துணியும் கொண்டு மட்டும் துடைக்க வேண்டும், உப்புத்தாள் ஆகவே ஆகாது. துடைத்த பின் செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பிஸ்டனிலுள்ள துளைகளை அடைத்து, டேம்பரைப் போட்டு, எல்லாவற்றையும் தலைகீழாக்கி, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டு சேம்பரை விட்டால் அது தன் எடையிலேயே வழுக்கி இறங்கும். இந்த அளவு கார்புரேட்டரில் அதற்கு 5 முதல் 7 விநாடி எடுக்க வேண்டும். வேகமாக இறங்கினால் தேய்மானம், தயங்கினால் அழுக்கு. இரண்டும் 6ஐ ஒட்டி இறங்கின. ஐம்பது ஆண்டு ஓடிய பாகங்கள்!

ஸ்பிண்டிலை மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். பித்தளை ஸ்பிண்டிலோடு சேர்ந்து அலுமினிய உடலின் துளையும் நீள்வட்டமாகிவிட்டால் அது போதாது. இரண்டு உடல்களின் துளைகளையும் ரீமர் போட்டுப் பெரிதாக்கி, உள்ளே புஷ் (உலோக வளையம்) வைத்து, புது ஸ்பிண்டில் பொருத்தச் சொன்னேன். இது கடைசல் பட்டறை வேலை, இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். திராட்டில் தகட்டைப் பிடிக்கும் இரண்டு சிறு ஸ்க்ரூக்களை முடுக்குவதற்குமுன் தகட்டை மூடி, தானாக நடுவில் உட்கார விட்டு, விளக்கின் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் மயிரிழை வெளிச்சம் மட்டும் தெரிந்தால் சரி. முடுக்கிய பின் ஸ்க்ரூவின் பிளந்த நுனியை விரித்துவிடுவது கட்டாயம். அது கழன்றால் நேராக எஞ்சினுக்குள்தான் போகும்.

ஜெட், நீடில் இரண்டும் ஜோடியாகப் புதிது. நீடிலின் தோள் பிஸ்டனின் அடித்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். பிறகு ஜெட்டை நடுவில் நிறுத்தும் வேலை. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று உலோகத்தில் உலோகம் மோதும் சுத்தமான சத்தம் வர வேண்டும். ஜெட்டை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை கேட்க வேண்டும். இரண்டிலும் ஒரே 'டக்' என்றால்தான் நீடில் உரசவில்லை. பழைய ஜெட்டுகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது துளை வட்டமாக இல்லை, நீடில் ஒரே பக்கம் உரசி உரசி ஓவலாகியிருந்தது. பெட்ரோலை இப்படிப்பட்ட துளை எப்போதும் கூட்டித்தான் விடும். ரப்பர் குழாய்கள் எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாறின. டேம்பர் இரண்டிலும் 20 கிரேடு எஞ்சின் ஆயில்.

ட்யூனிங்

விற்றவர் சொன்ன வேலைக்கு இப்போதுதான் நேரம் வந்தது, அது சீக்கிரமே முடிந்தது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் கம்பியின் கவ்விகளைத் தளர்த்தினேன். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்து, சீறல் ஒரே மாதிரி கேட்கும்வரை திராட்டில் ஸ்க்ரூக்களைத் திருப்பினேன். பிறகு கலவை. பக்கத்திலுள்ள சிறு முளையைத் தள்ளி பிஸ்டனை 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே விழுந்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டும் 14 முகத்தில் நின்றன. எத்தனால் 10 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்குக் காற்று–எரிபொருள் விகிதம் 14.7க்குப் பதில் ஏறக்குறைய 14.1 தேவை என்பதால், தொடக்க அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்பது எதிர்பார்த்ததே. நீண்ட நேரம் ஐட்லிங்கில் விட்டுக்கொண்டே திருகினால் பிளக் அழுக்காகி முடிவு பொய்யாகும். இடையிடையே 2500 வரை ஏற்றி அரை நிமிடம் ஓடவிட வேண்டும்.

ஐட்லிங் 750இல் நின்றது, விட்டதும் உடனே இறங்கியது. ஃபில்டர்களைத் திரும்பப் பொருத்திச் சாலைக்குக் கொண்டுபோனேன். 3000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி மறுத்தது.

ஃபில்டர் கேஸ்கெட்

அப்போதுதான் குறித்து வைத்த கேள்வி உயிர்பெற்றது: பின் ஜோடி பிளக்குகள் மட்டும் ஏன் அதிகக் கறுப்பு? ஃபில்டர் இல்லாமல் நன்றாக ஓடி, ஃபில்டர் போட்டதும் மூச்சு திணறினால் குறை அந்த இடத்தில்தான். எச்எஸ்4இன் வாய் விளிம்பில் இரண்டு சிறு துளைகள் உண்டு. பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு வெளிக்காற்றழுத்தம் போகும் வழி அது. அந்த அழுத்தமும் மேலிருக்கும் வெற்றிடமும் சேர்ந்துதான் பிஸ்டனைத் தூக்குகின்றன. ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் வைக்கும் காகிதமான கேஸ்கெட்டில் அதற்கு நேராகத் துளைகள் இருக்கும், ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும். பின் ஃபில்டர் டப்பாவில் கேஸ்கெட் தலைகீழாக, பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஐட்லிங்கில் பிஸ்டன் அவ்வளவாக ஏற வேண்டியதில்லை, அதனால் எந்த வித்தியாசமும் தெரியாது. வேகத்தில் மேலேற முடியாமல் தாழ்வாகவே நின்று, சோக் இழுத்ததுபோல் பெட்ரோலை உறிஞ்சியிருக்கிறது. இத்தனை பழுதுகளில் மிகச் சிறியது இந்தக் காகிதம், எல்லாவற்றையும்விட அதிகக் கரியைத் துப்பியதும் இதுதான் என்பது என் முடிவு. பிளேடால் சுரண்டி எடுத்துப் புதியதைச் சரியான பக்கம் வைத்ததும், எஞ்சின் தடையில்லாமல் மேலேறியது.

இப்போதைய நிலை

குளிர்ந்த எஞ்சின் சோக் இல்லாமல் பிடிப்பதில்லை, சோக் இழுத்தால் உடனே பிடிக்கிறது. பிளக்குகள் இளம்பழுப்பு, இரு ஜோடியும் ஒரே நிறம். மிதித்ததும் வரும் தூக்கம் போய்விட்டது. ஜெட் முகங்கள், ஃப்ளோட் இடைவெளி, டைமிங், பம்ப் அழுத்தம், டேம்பர் ஆயில் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி வண்டி ஆவணங்களோடு வைத்திருக்கிறேன். அடுத்து கை வைப்பவர் என் அளவுகளிலிருந்து தொடங்கட்டும்.

ஒரு குறை பாக்கி. வெயிலில் நீண்ட தூரம் ஓட்டி, சிறிது நேரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் செல்ஃப் நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது. எக்ஸாஸ்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஃப்ளோட் சேம்பர்களில் பெட்ரோல் ஆவியாவதுதான் காரணம். இடையிலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டையும் அதன் பூச்சையும் அடுத்து மாற்ற இருக்கிறேன். பழைய தகடுகளின் முகப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் சுரண்டாமல், நனைத்து, முழுதாகக் கழற்ற வேண்டும். அதுவரை ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்துப் பிடித்தபடியே சாவியைத் திருப்புகிறேன். மிதித்து மிதித்து விடுவதில் பலனில்லை, எஸ்யூவில் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் கிடையாது.